அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒரு மடிக்கணினி

அப்பாவின் செத்தவீட்டுக்கு அண்ணன் வரவில்லை. கனடாவில் அவனுடைய அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க முடியாது. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அம்மாவிடம் எந்த நியாயமும் எடுபடவில்லை.

“கொள்ளி வைக்க வராதவன் என்னோடை கதைக்கவும் வேண்டாம்.”

வாட்ஸ்அப்பில் அவனுடைய எண்ணை என்னைக் கொண்டே தடுக்கச் செய்தார். அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. ரோசத்தில் வாட்ஸ்அப்பையே அழித்துவிட்டு டெலிகிராமுக்குப் போய்விட்டான். இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவில் இழுபட்டவன் நான்தான்.

கணினி திருத்துவது என் தொழில். ஒரு செயலியில் வரும் செய்தியை இன்னொன்றுக்குக் கடத்திவிடும் மென்பொருள் ஒன்று உண்டு. அதை ஒரு பழைய மடிக்கணினியில் போட்டு, வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். அண்ணன் டெலிகிராமில் எழுதினால், அது என்னுடைய இன்னொரு எண்ணிலிருந்து அவன் பெயரோடு அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வரும். அந்த எண்ணுக்கு அம்மா எதைப் போட்டாலும் அது அவனுக்குப் போகும்.

“அண்ணை எழுதுவான். விருப்பமெண்டா வாசியுங்கோ,” என்றேன்.

‘முழங்காலுக்கு எண்ணெய் பூசுறனீங்களோ?’, ‘இண்டைக்கு இங்கை சரியான பனி’ என்று அவன் எழுதிக்கொண்டே இருந்தான். அம்மா எல்லாவற்றையும் வாசிப்பார். பதில் மட்டும் போடமாட்டார். கல்லுக்குக்கூட இரக்கம் வந்திருக்கும் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஒருநாள் நான் கடையில் இருந்தபோது அந்த எண்ணுக்கு அம்மாவின் குரல்பதிவு வந்தது.

“தம்பி, உது நீ எழுதிறதெண்டு எனக்குத் தெரியும். உன்ரை நம்பரிலைதானே வருது. அவன் எனக்கு எழுதமாட்டான். ஆனா நிப்பாட்டிப்போடாதை அப்பன். வாசிக்க ஆசையாக் கிடக்கு.”

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னமே மென்பொருள் தன் வேலையைப் பார்த்திருந்தது. அந்தக் குரல் அப்படியே கனடாவுக்குப் போயிருந்தது.

நான் உள்ளே போனபோது அம்மா கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். அண்ணனின் குரல் வெளியே கேட்டது.

“அம்மா, நான்தான். எல்லாம் நான்தான் எழுதினனான்.”

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினார்.

“ஏன் ராசா தொண்டை கட்டிக் கிடக்கு? பனியிலை தடிமன் பிடிச்சிட்டுதோ?”

அடுத்த பதிவு வந்தது.

“ஓம் அம்மா,” என்றான் அண்ணன். “தடிமன்தான்.”