என் முன்னால் பேசிய ஆங்கிலம்

அடுத்தவர் முன்னால் அவருக்குத் தெரியாத பாஷையில் பேசுவது மரியாதைக் குறைவா என்று போன வருடம் வரை யாராவது கேட்டிருந்தால், என்னிடம் ஒரே பதில்தான் இருந்திருக்கும். அவரவர் வாய், அவரவர் பாஷை, உனக்கென்ன வந்தது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வரும் துணியைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் பாஷையில் பேசிச் சிரிப்பார்கள். "நம்மளத்தான் இன்னாமோ சொல்லி சிரிக்கிறாளுங்க" என்று எங்கள் பக்கம் பொருமல் கிளம்பும். எனக்கு எரிச்சலாக வரும். "ஊரை உட்டு வந்து கெடக்குதுங்க. சோறு துன்ற நேரத்துலயாவது வாய் தொறந்து பேசட்டுமே. உன்னப் பத்திப் பேச இன்னா கீது?" என்பேன்.

இப்போது யாராவது கேட்டால் அவ்வளவு சுலபமாக எனக்குப் பதில் வராது.

குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மகனும் மருமகளும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அதுவரை என்னிடம் "வலி இருக்காம்மா, நல்லா சாப்பிடறீங்களா" என்று தமிழில் பேசிக்கொண்டிருந்த மனிதர், "கூட யாரு, மகனா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை அவன் பக்கம் திருப்பி ஆங்கிலத்துக்கு மாறினார். கட்டி எனக்கு, ஊசி குத்து வாங்கியதும் நான். சேதி மட்டும் கூட வந்தவர்களுக்கு. நம் ஊர் வழக்கம் அப்படி. நோயாளிக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம்.

வேடிக்கை என்னவென்றால், நோய் நொடி என்று வந்துவிட்டால் நாம் எல்லோரும் பேசுவது ஆங்கிலம்தான். கேன்சர், ஸ்டேஜ், ஆபரேஷன், கீமோ, ரிமூவ். கொரட்டூரில் எங்கள் தெருவில் கீரை விற்கிறவளுக்கும் இவை தெரியும். எதை மறைக்க நினைத்தார்களோ அது அத்தனையும் என் காதில் விழுந்தது. அவற்றைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன வார்த்தைகள்தான் பிடிபடவில்லை. வேண்டுமா, வேண்டாமா, முற்றிவிட்டதா, ஆரம்பம்தானா, பிழைப்பேனா? பயமுறுத்துகிற வார்த்தைகள் எல்லாம் புரிந்தன. நடுவில் ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் அது மட்டும் எனக்குப் புரியவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். "டாக்டர் இன்னாடா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். மாத்திரையிலயே கரைஞ்சிடும்" என்றான் மகன், கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்துக்கொண்டே.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் ஆங்கிலம் நுழைந்துவிட்டது. நான் தோசை வார்த்துப் போடுவேன், அவர்கள் தட்டுக்கு மேலே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ரகசியம் பேசுகிறவர்கள் குரலையாவது தாழ்த்துவார்கள். இவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. என் பக்கத்திலேயே, நல்ல சத்தமாக, நான் அங்கே இல்லாத மாதிரி. இடையில் "அத்தை, இன்னும் கொஞ்சம் சட்னி" என்று தமிழ் வரும்.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினேன். பால் இருக்கும்போதே பால் வாங்கக் கீழே இறங்கினேன். ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போய்ப் பாதி வழியில் திரும்பினேன், நான் இல்லாத நேரத்தில் ஏதாவது பேசிவிடுவார்களோ என்று. இருந்தால் மட்டும் என்ன புரிந்துவிடப் போகிறது? ஆனாலும் திரும்பினேன். போனில் தேடிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் எடுத்தேன். அதில் ஊரில் உள்ள கேன்சர் எல்லாம் இருக்கும். எனக்கு வந்தது எப்படிப்பட்டது என்று அது எப்படிச் சொல்லும்? வைத்துவிட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நானாகவே ஒரு முடிவுக்கு வருவேன். காலையில் பிழைத்துவிடுவேன், மத்தியானத்துக்குள் செத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். மகன் ஆபீசுக்குப் போன் பேசி முடித்துவிட்டு மனைவியிடம் ஏதோ சொன்னான். அதில் "மதர்" இருந்தது, "அட்மிஷன்" இருந்தது, "மண்டே" இருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"மண்டே என்னிய இன்னாடா பண்ணப் போறீங்க?"

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"என் உடம்புடா அது. என்னிய பக்கத்துல வெச்சிகினே எனக்குத் தெரியாத பாஷையில பேசிகினு கீறீங்களே, இது அடுக்குமா? இன்னா கீதுன்னு தமிழ்ல சொல்லு."

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான் அத்தை" என்றாள் மருமகள்.

"இப்ப மட்டும் பயப்படாமயா கீறேன்? எதுக்குப் பயப்படறேன்னே தெரியாம பயந்துகினு கீறேன்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். "சொல்லிடுங்க" என்றாள்.

மகன் கையைத் துடைத்துக்கொண்டான். இத்தனை நாளும் எத்தனை சரளமாகப் பேசினான்! டாக்டரிடம், ஆபீசில், இவளிடம், ஒரு தடங்கல் கிடையாது. அதற்காகவும் அவன்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. "அம்மா, உனக்கு" என்று ஆரம்பித்தான். நின்றுவிட்டான். தண்ணீர் குடித்தான். மறுபடியும் "உனக்கு வந்து" என்றான். அவ்வளவுதான். வாய் கோணிக்கொண்டது. தோள் குலுங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் அவன் யாரோ ஒரு மதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். தமிழில் பேசினால் அது நானாகிவிடுகிறது.

பெற்ற வயிறு, பொறுக்கவில்லை. சரி விடுடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விடுவான், நானும் ஏரிக்கரைக்குப் போய்ப் பாதியில் திரும்ப வேண்டியதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"பரவால்ல, அழுதுகினே சொல்லுடா" என்றேன். "எனக்குப் புரியும்."