பென்சிலில் ஒரு பெருக்கல் குறி

டீச்சரை வக்கீலாக்கியது நான்தான். அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், வாய்க்கொழுப்பில் செய்தது.

இருபத்தெட்டு வருடமாக நான் வக்கீல் குமாஸ்தா. கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். குறியைக் காட்டினால் போடுவார்கள், போவார்கள். யாரும் படிப்பதில்லை. எல்லோரும் படிக்க ஆரம்பித்தால் நான் வீடு போய்ச் சேர முடியாது.

டீச்சரும் அப்படிக் கையெழுத்துப் போட வந்தவர்தான். வேதியியல் பட்டதாரி, பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடம் அமிலமும் காரமும் நடத்தியவர். அப்பா வீட்டைத் தம்பியோடு பாகம் பிரிக்கும் பத்திரம். குறியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பத்திக்கு ஒரு கேள்வி. என் டிபன் பாக்ஸ் ஆறிக்கொண்டிருந்தது, எனக்கோ சுள்ளென்று ஏறியது.

“இதெல்லாம் புரியணும்னா சட்டம்தான் படிக்கணும் டீச்சர்” என்றேன்.

“எத்தனை வருஷம்?” என்று கேட்டார்.

நான் கிண்டலாகச் சொன்னதை அவர் நிஜமாகவே விசாரித்துக்கொண்டு போய் விண்ணப்பம் போட்டுவிட்டார், நாற்பத்திரண்டு வயதில். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர், தாராளமாகப் படி, படித்ததை என்மேல் பிரயோகிக்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். சட்டப் பிரிவுகளை எழுதி ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒட்டி வைத்ததில், தண்ணீர் எடுக்கப் போய்ப் போய் அந்த மனிதருக்கும் ஒப்பந்தச் சட்டம் பாதி மனப்பாடம். பரீட்சைக்குக் கிளம்பும் அம்மாவிடம், ரெண்டு பேனா எடுத்துக்கிட்டியா, பக்கத்துல பார்த்து எழுதக் கூடாது என்று சொல்லி மகள் பழைய கணக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டாள்.

மூன்று வருடம் கழித்துக் கருப்புக் கோட்டோடு எங்கள் ஆபீஸ் மாடிப்படியிலேயே ஏறி வந்து நின்றார், ஜூனியராக. எனக்கு நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரு வியாதி இருந்தது. எதைச் சொல்லி முடித்தாலும் “புரிஞ்சுதா?” என்று கேட்பார். டைப்பிஸ்டிடம் கேட்டார், டீக்கடைக்காரரிடம் கேட்டார், ஒருநாள் எங்கள் சீனியர் வக்கீலிடமே கேட்டுவிட்டார். சீனியர் அன்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் தையல்கார அம்மாவின் கேஸ் வந்தது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, கட்டட உரிமையாளர் அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார். அது கடையைக் காலி செய்து தரச் சம்மதம் என்கிற கடிதம். இரண்டு தையல் மிஷின், ஒரு கட்டிங் மேஜை, பதினான்கு வருட வாடிக்கை. கோர்ட்டில் தடை உத்தரவு கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை எல்லாம் தெருவுக்கு வந்துவிடும்.

விசாரணை நாளன்று பார்த்துச் சீனியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டீச்சர்தான் பேச வேண்டும். நீதிபதியோ எடுத்ததற்கெல்லாம் சிடுசிடுப்பவர். அவரிடம் போய்ப் புரிஞ்சுதா என்று கேட்டுவைத்தால்? சீனியர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: டீச்சர் ‘பு’ என்று வாயெடுக்கும்போதெல்லாம் நீ இருமு.

இருமினேன். நான்கு முறை டீச்சரைக் காப்பாற்றினேன். ஐந்தாவது முறை நீதிபதி நிமிர்ந்து பார்த்து, உடம்பு சரியில்லாதவர்கள் வெளியே போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்றார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். டீச்சர் அந்தக் கடிதத்தின் மூன்றாவது பத்தியை விளக்கிக்கொண்டிருந்தார். கையில் சாக்பீஸ் இல்லாததுதான் குறை.

“புரிஞ்சுதா?”

எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பை அடக்க ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்வரிசையில் தையல்கார அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பத்தியைப் படித்தார்.

“புரியலைம்மா” என்றார். “திரும்பச் சொல்லுங்க.”

டீச்சர் சுதாரித்துக்கொண்டார். “ஐயா, உங்களுக்கே ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு. கையெழுத்துக்குப் பக்கத்துல பாருங்க, பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. எங்க போடணும்னு காட்டியிருக்காங்க. என்ன போட்டிருக்குன்னு இந்த அம்மாவுக்குச் சொன்னது யாரு?”

நீதிபதி அதே கேள்வியை எதிர்த்தரப்பிடம் கேட்டார். அந்த வக்கீல் மறுபடி ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வாசலில் நின்ற நான் சட்டைப் பையிலிருந்த பென்சிலைக் கையால் மூடிக்கொண்டேன். அந்தக் குறி நான் போட்டதில்லை. ஆனால் என்னுடையது மாதிரியே இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. அன்று மாலை தடை உத்தரவு வந்தது.

மறுநாள் ஒரு பெரியவர் கையெழுத்துப் போட வந்தார். குறியைக் காட்டினேன். அவர் பேனாவைத் திறந்தபோது என் பாழாய்ப்போன வாய் தானாகக் கேட்டது, புரிஞ்சுதா என்று.

“இல்லையேப்பா” என்றார் அவர், அதற்காகவே காத்திருந்தவர் போல.

சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கம் வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடமாக அதே பத்தியை ஒவ்வொரு பத்திரத்திலும் பார்த்திருக்கிறேன், எனக்கே புரிந்ததில்லை.

தாளை எடுத்துக்கொண்டு டீச்சரின் மேஜைக்குப் போனேன். அவர் தாளை வாங்கி மேஜையில் விரித்தார். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார், ஒன்று பெரியவருக்கு, ஒன்று எனக்கு.