நம்பர் அக்கா கொடுத்த சால்வை

எங்கள் லாண்டரியில் துணி மடிக்கிற வேலை எனக்கு. எதிர் மேசையில் நம்பர் அக்கா. வருகிற ஒவ்வொரு துணியின் உள்ஓரத்திலும் அழியாத மையால் எண் போடுவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே மேசை. அவளுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் அதிகம் பேசமாட்டேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே பயம். அதனால் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாராவது இரண்டு தடவை நலம் விசாரித்தால் மூன்றாவது தடவை பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அக்கா ஜூன் மாதமே விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். "கழுத்து வலியா உனக்கு? அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறே." "அரக்கு கலர் உனக்குப் பிடிக்குமா, இல்ல சும்மா போட்டுட்டு வந்தியா?" நான் தலையை மட்டும் ஆட்டுவேன். ஒருநாள் கொக்கியில் மாட்டியிருந்த என் துப்பட்டாவை அவள் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் என் பையைச் சோதித்தேன். எதுவும் காணாமல் போகவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மற்றவர்கள் கடைசி வாரம் கடைகடையாக அலைவார்கள். அக்கா அலையமாட்டாள். "கடைக்குப் போய் நின்னுட்டு யாருக்கு என்ன வாங்கலாம்னு யோசிச்சா பர்ஸ் காலியாயிடும். நான் யோசிச்சு முடிச்சிட்டுத்தான் கடைக்கே போவேன்," என்பாள். மலிவாகக் கிடைக்கிற வெட்டுத்துண்டுத் துணிகளை வாங்கிவைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் மேசையிலேயே கையால் தைப்பாள். இஸ்திரி அண்ணனுக்கு முழங்கைவரை சூடு படாத உறை. வண்டி ஓட்டுகிறவருக்கு முதுகுத் திண்டு.

"அக்கா, இந்த வருஷம் எனக்கு ஒரு பொண்டாட்டி தைச்சுக் குடுங்களேன்," என்றார் இஸ்திரி அண்ணன்.

"அளவு கொண்டா, பாக்கலாம். உன் வாய்க்குத் தாங்குற துணிதான் கிடைக்கணும்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை எனக்கும் ஒரு பொட்டலம் தந்தாள். அரக்கு நிறச் சால்வை. என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற கதவு வழியாக நாள் முழுக்கக் குளிர்காற்று வரும். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கழுத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர், அக்கா எண்களை எழுதிவைக்கிற நோட்டோடு வந்தார். ஒரு வாடிக்கையாளர் கொடுத்த துணி, பில்லின்படி பதினொன்று. அக்கா போட்டிருந்த எண்களோ பன்னிரண்டு. அலமாரியில் பதினொரு துணிதான் இருந்தது. 2638 இல்லை. வாடிக்கையாளர் ஊரில் இல்லை, புதன்கிழமைதான் வருவார்.

"பில்லுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கம்மா அந்தத் துணி?"

"எண்ணித்தான் சார் போட்டேன்."

"அப்ப காலு முளைச்சுப் போயிடுச்சா? நாளைக்குள்ள வரலைன்னா நீங்க வர வேணாம்."

அக்கா அன்று முழுக்க மேசைக்கு அடியிலும் மூட்டைக்கு இடையிலும் தேடினாள். சாப்பிடவில்லை. நல்ல நடிப்பு என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் சால்வையை விளக்கடியில் விரித்து ஓரத்தைப் புரட்டினேன். 2638. அவள் கையெழுத்துத்தான்.

சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் திருட்டுத்துணி என் வீட்டில். என்னையும் சேர்த்துத்தானே சொல்வார்கள்? மறுபடி துணியைத் தடவினேன். விறைப்பாக, புதுக்கஞ்சி மணத்தோடு இருந்தது. துவைத்த துணி லட்சம் மடித்த கை இது. வெந்நீர் வைத்து ஒரு முனையை முக்கினேன். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. ஒருமுறைகூட நனையாத துணி.

மறுநாள் சூப்பர்வைசர் மேசை முன்னால் போய் நின்றேன். சால்வையை விரித்து எண்ணைக் காட்டினேன். அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"இது என்னோட பரிசு சார். அக்கா தைச்சது," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நம்பர் இருக்கே?"

நான் சலவைத்தொட்டியிலிருந்து ஒரு வாளி வெந்நீர் எடுத்துவந்து நனையாத முனையை முக்கினேன். எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். வாளி சிவந்தது.

"தண்ணியே படாத துணியை யாரு சார் லாண்டரிக்குப் போடுவாங்க?" பதினாறு பேர் முன்னால் நான் பேசிய முதல் வாக்கியம்.

அக்கா அப்போதுதான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மதியம் தைச்சு முடிச்சு மடிச்சு வெச்சேன் சார். அந்த மூட்டைக்குப் பக்கத்துலயே. துணி மடிச்சிருந்தா என் கை தானா பேனாவைத் தேடும். நான் எங்க பாத்தேன்."

"நல்லவேளை, என் உறைக்கு நம்பர் போடல. மாட்டிக்கிட்டு நின்னா என்னையும் அலமாரில அடுக்கியிருப்பாங்க," என்றார் இஸ்திரி அண்ணன். சூப்பர்வைசர்கூடச் சிரித்துவிட்டார். புதன்கிழமை வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதாகச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா சால்வையை வாங்கிப் பிழிந்தாள். உதறினாள். பிறகு நின்றுவிட்டாள்.

"இந்த முனையைத்தானே இப்ப நனைச்சே? அந்த முனை ஏன் வெளுத்திருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வீட்டுலயே பாத்துட்டியா?"

"ஆமாக்கா. நேத்து."

"சாயம் போகாம இருந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலக்கா," என்றேன்.

அவள் சால்வையைக் கொடியில் போட்டாள், கையைத் துடைத்தாள், தன் மேசையில் உட்கார்ந்தாள். அடுத்த மூட்டையை அவிழ்த்து என் பக்கம் தள்ளினாள்.

"நீ எண்ணிச் சொல்லு. நான் போடறேன். இனிமே இப்படியே இருக்கட்டும்."

அது நம்பிக்கையா தண்டனையா என்று எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். பேனா மூடியைக் கழற்றிக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு," என்றேன்.