மூக்கறையன் கத்தியில் ஒரு மாம்பழத் துண்டு

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவன் கடைத்தெருவிலிருந்து ஒரு மடக்குக் கத்தி வாங்கி வந்தான். வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பில் அப்பியிருந்த சேற்றை அதைக் கொண்டு சுரண்டினான். பிறகு கத்தியை வேட்டியில் இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய் தேய்த்துவிட்டுக் கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்தான். நான் போட்ட சத்தத்தில் அடுத்த லைன் வீட்டு நாய்கூட எழுந்து நின்றது. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஒரு கத்திக்கா இவ்வளவு கூச்சல் என்று சின்னவள் கேட்டாள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

காரணம் இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து விளையாடப் போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். சாப்பிட்ட உடனே படிக்க வேண்டாம்.

அந்தக் கத்தியின் பிடி எருமைக் கொம்பு. கொம்பு நனைந்தால் ஒரு வாடை வரும். ஈர நாயும் கருகிய மயிரும் சேர்ந்த மாதிரி. அது மூக்கில் ஏறியதும் நான் ஊரிகம் தங்கச் சுரங்கத்தின் பழைய ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். அப்போது இந்த ஊருக்கு ரயில் வரவில்லை. கரண்டு விளக்கு என்ற பேச்சே கிடையாது. சாமான்களெல்லாம் பௌரிங்பேட்டையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்த புண்ணியத்துக்கு எனக்கு அங்கே ஒரு வேலை. ஷிப்டுக்கு இறங்குகிற ஆட்களுக்கு மெழுகுவத்தியும் திரியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். மெழுகுவத்தி என்றால் மாதா கோயிலில் ஏற்றுகிற வெள்ளை மெழுகு என்று நினைக்காதீர்கள். மாட்டுக் கொழுப்பு. வெயிலில் இளகிக் கையெல்லாம் வழியும். எலி தின்னும். எலி தின்றது போக மீதியை நான் கொடுப்பேன். திரி என்பது தார் பூசிய கறுப்புக் கயிறு, அதன் நடுவில் கருமருந்து. பாறையில் துளை போட்டு வெடி வைக்கிறவர்கள் அதை வேண்டிய அளவுக்கு நறுக்கிக்கொள்வார்கள். கொழுப்பு, தார், ஆட்களின் வியர்வை எல்லாம் கலந்த காற்றில் பகல் முழுக்க நின்று பாருங்கள், தெரியும். நான் ஒவ்வொரு ஆளுக்கும் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கை கழுவுவேன். அதனால் எனக்கு 'சோப்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். துரை முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த நாளில் கீழே இறங்குகிறவர்களுக்குள் கத்திப் பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் இருந்தது. சிலபேர் சேவல் வளர்ப்பார்கள், சிலபேர் புறா. இவர்களுக்குக் கத்தி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கொல்லுப் பட்டறைக்குப் பின்னால் கூடிவிடுவார்கள். ஒருவன் கத்தியை இன்னொருவன் வாங்கி, காதருகே வைத்து மடக்கி, 'டக்' என்கிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கூர் பார்க்க முன்கை மயிரை வழிப்பான். இவர்களில் எவனுக்கும் இடது கையில் மயிரே இருக்காது. வலது கை கரடி மாதிரி, இடது கை கைக்குழந்தை மாதிரி. வழித்த மயிரை ஊதிவிடுவார்கள், அது எதிரில் நிற்கிறவன் மூஞ்சியில்தான் போய் ஒட்டும். எதிரில் நிற்கிறவன் பெரும்பாலும் நான்.

சரி, உயிரை விடுகிறார்களே, அந்தக் கத்தியாவது பார்க்க லட்சணமாக இருக்குமா என்றால், அதற்கு மூக்கே கிடையாது. சீமையிலிருந்து வந்த சுரங்கக்காரன் ஒருவனிடம் இருந்த மாதிரியைப் பார்த்து, நம் பட்டறைக் கொல்லர் தேய்ந்த அரத்தை அடித்துச் செய்தது. நுனியைச் சப்பென்று வெட்டிவிட்டிருப்பார். முதுகில் ஒரு திமில். பிடியோ வயிறு பெருத்த கெளுத்தி மீன். எந்தப் பையிலும் அடங்காது. மூக்கறையன் என்றுதான் அதற்குப் பேர். ஒருநாள் துரை வீட்டு பட்லர் முத்துச்சிப்பிப் பிடி போட்ட பேனாக்கத்தி ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கூட்டத்தில் இருந்த கண்ணப்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த வச்சிகினு இன்னாபா பண்றது, காது கொடையலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அப்பா ஒருபக்கமாகவே எழுதினார் என்று சொல்லாதீர்கள். திரியைக் கட்டையின்மேல் வைத்து மூக்கறையனால் ஓர் அழுத்து அழுத்தினால் நேராக அறும். சாய்வாக அறுந்தால் உள்ளே இருக்கிற மருந்து கொட்டிப்போய்ப் பாதியில் அணையும். அணைந்ததா, இன்னும் புகைகிறதா என்று பார்க்கப் போகிறவன் கதி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குனிந்துகொண்டு வேலை செய்கிற இடத்தில் கை வழுக்கினால் நுனியுள்ள கத்தி பக்கத்து ஆள் தொடையில் இறங்கும், இது இறங்காது. சேற்றுக் கையால் மற்றக் கத்தியைத் திறக்க முடியாது, இதைத் திமிலில் கட்டைவிரல் வைத்து நெம்பினால் போதும். உள்ளே மடக்கைப் பிடிக்கிற இரும்பு வில் கெட்டி என்பதால் விரல்மேல் வந்து மடங்காது. இவ்வளவும் உண்மை. திரியை அறுத்துவிட்டு மடக்கி வைத்திருந்தால் நானும் கும்பிட்டிருப்பேன்.

மடக்க மாட்டார்களே! வெற்றிலை நரம்பு கிள்ள அதுதான். கருவாடு அறுக்க அதுதான். கால் ஆணி செதுக்க அதுதான். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று கழுவவே மாட்டார்கள். அதற்குப் பதில் எண்ணெய் வழிகிற தலையில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வார்கள். கொம்புப் பிடி பளபளக்க வேண்டும் என்று மூக்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்ப்பார்கள். சீ! இதை எழுதும்போதே எனக்கு எழுந்து போய்க் கை கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வழக்கம். கீழே சுரங்க லெவலில் சோறு தின்கிற நேரத்தில் ஒவ்வொரு கேங்கின் மேஸ்திரியும் ரொட்டியையோ வெங்காயத்தையோ தன் கத்தியால் அறுத்து, அலகின்மேல் வைத்தே ஒவ்வொருவன் வாய்க்கு நேராக நீட்டுவார். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் துண்டு. வாங்கித் தின்றால் அவன் நம்ம ஆள். முகம் சுளித்தால் அவனோடு யாரும் வெடி வைக்க மாட்டார்கள்.

இந்தக் கத்திக் கூட்டத்துக்குத் தலைவர், பக்கத்துப் பாலகாட் சுரங்கத்தில் வெடி வைக்கிற கேங்கின் மேஸ்திரி. அவர்களுக்கும் திரி எங்கள் ஸ்டோரில்தான். அவர்தான் உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா.

உங்கள் அம்மாவை நான் முதலில் பார்த்தது தண்ணீர் வண்டியிடம். எல்லாப் பெண்களும் முட்டி மோதிக் குடத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, குடத்தை அலசிக் கொட்டி, உள்ளே கையை விட்டுத் துடைத்து, மறுபடி அலசினாள். பின்னால் இருந்தவள்கள் திட்டினார்கள். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். யாரோ முகத்தைப் பார்த்து ஆசைப்படுவார்களாம், நான் குடத்தைப் பார்த்து ஆசைப்பட்டவன். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று என் தாய்மாமனிடம் சொன்னேன். அவர் போய்ப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்கள் என்று வந்து சொன்னார்.

சனிக்கிழமை மேஸ்திரி திரி வாங்க ஸ்டோருக்கு வந்தார். நான் உள்ளே போய் எடுத்து வருவதற்குள் ஜன்னல் கல்லில் ஒரு காலைத் தூக்கி வைத்து, மூக்கறையனால் குதிகாலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் சுருள் ஒன்று மெழுகுவத்திப் பெட்டிமேல் விழுந்தது. அப்புறம் கூட வந்திருந்த அவர் கேங்க் ஆள் கண்ணப்பன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மேஸ்திரி அலகை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி, மூலையால் அதைக் கீறிவிட்டார். வந்ததை எழுத மாட்டேன். கத்தியைத் தொடையில் துடைத்து, தலையில் ஓர் இழுப்பு இழுத்து, 'டக்' என்று மடக்கினார். அன்றைக்கு எனக்கு இரண்டு வேளைச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பாலகாட் லைனில் அவர் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். என் அம்மா, தாய்மாமன், நான் ஒரு பக்கம். எதிரே மேஸ்திரியும் கண்ணப்பனும். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் உங்கள் அம்மா. பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசியில் மேஸ்திரி ஒரு மாம்பழத்தை எடுத்தார், இடுப்பிலிருந்து மூக்கறையனை எடுத்தார், பழத்தில் ஒரு கதுப்பை அறுத்து அலகின்மேல் வைத்து என் வாய்க்கு நேராக நீட்டினார். சாறு திமில் வழியாக வழிந்து அவர் கட்டைவிரலில் இறங்கியது. தார் வாடை. எண்ணெய் வாடை. எனக்குக் கண் முன்னால் அந்த மஞ்சள் சுருள்.

"துன்னு சோப்பு. மொதத் துண்டு யாருக்கும் சும்மா கெடைக்காது" என்றான் கண்ணப்பன்.

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கித் தொலைடா என்று தாய்மாமன் என் விலாவில் இடித்தார். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"கோவிச்சிக்காதீங்க. பழத்த கையில குடுங்க, துன்றேன். அந்தக் கத்தில வேணாங்க."

முந்தின நாள் ஸ்டோரில் கண்டதையும் மரியாதையாகவே சொன்னேன். கண்ணப்பன் அதற்கு, ஆறிப்போச்சுபா என்று சட்டையைத் தூக்கித் திரும்பி உட்கார்ந்தான். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஸ்திரி கோபப்படவில்லை. துண்டை நீட்டியபடியே சொன்னார்: "இதுல துன்னாதவன பக்கத்துல வச்சிகினு நான் திரிக்கு நெருப்பு வச்சதில்ல. அவனுக்குப் பொண்ண எப்டி தம்பி குடுக்கறது?"

தாய்மாமன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். முடிந்தது என்று நானும் எழுந்தேன். அப்போதுதான் படுதா விலகியது. உங்கள் அம்மா நேரே வந்து, அவர் கையிலிருந்து கத்தியைப் பழத்தோடு வாங்கினாள். அந்தக் கத்தியை அவர் கையிலிருந்து கேட்காமல் வாங்கியவர்கள் அதுவரை கிடையாது. பழத்தைக் கோழிக்கு வீசிவிட்டுப் பின்பக்கம் போனாள். சாம்பல் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து ஈரக் கத்தியை அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப அறு நைனா. நானும் இந்தக் கத்தில அறுத்தத இதுவரிக்கும் துன்னதில்ல. நீ கேக்கல, நான் சொல்லல."

அவர் மகளைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். வில்லில் சாம்பல் பூந்துச்சே என்று முணுமுணுத்தார். வேட்டியில் துடைக்கப் போனவர், அவள் பார்ப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். பிறகு வேறு ஒரு பழத்தை அறுத்து எனக்கு நீட்டினார்.

தின்றேன். சாம்பலும் தாரும்தான் வாயில் இருந்தது, மாம்பழம் இல்லை. குமட்டலை அடக்கி முழுங்கினேன். இரண்டாவது துண்டை உங்கள் அம்மா கேட்காமலே எடுத்துத் தின்றாள்.

"கெடந்து ரெண்டு பேரும் கழுவிகினே இருங்க" என்றார் மேஸ்திரி. அதுதான் எங்களுக்கு அவர் கொடுத்த சம்மதம்.

அதற்குப் பிறகு அந்தக் கத்தியில் நான் எதுவும் தின்றதில்லை. இன்றைக்கு நீட்டினாலும் தின்ன மாட்டேன். இப்போது நீட்டவும் ஆளில்லை. திரியை மேலேயே ஒரு கொட்டகையில் மெஷினில் நறுக்கி அனுப்புகிறார்கள். சொந்தக் கத்தி கீழே போகக்கூடாது என்று ஆர்டர். வாசலில் சோதனை போட்டு, மூக்கறையன்களை எல்லாம் ஒரு பெட்டியில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பட்டறைக்குப் பின்னால் யாரும் கூடுவதில்லை. நல்லதுதான் என்று நினைத்தேன். அவனவன் தூக்குப்பாத்திரத்தில் அவனவன் சோறு. ஜன்னலில் எவனும் குதிகாலைத் தூக்கி வைப்பதில்லை. நான் இப்போது பாலகாட்டில் ஆட்களுக்கு நம்பர் போட்ட பித்தளை வில்லை கொடுக்கிற ஜன்னலில் இருக்கிறேன் அல்லவா, சோப்பு என்று கூப்பிடவும் ஆளில்லை.

போன மாதம் ஓர் ஆளைக் கால் நசுங்கிய நிலையில் கேஜ் கூண்டில் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தூக்கி வந்தவர்களிடம் பேர் கேட்டேன். ஒருவன் வில்லை நம்பரைச் சொன்னான். பேர் என்ன, வீடு எந்த லைன், யாரிடம் சொல்லி அனுப்புவது என்று கேட்டேன். எவனுக்கும் தெரியவில்லை. மழைக்காலத்திலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன்கள்! நம்பரை வைத்து அவன் பேரை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த மஞ்சள் சுருளைத் தொட்டுவிட்ட மாதிரி எழுந்து போய்க் கை கழுவினேன்.

சாயங்காலம் உங்கள் தாத்தாவைப் பார்க்கப் போனேன். இருமல் அவரைப் பேச விடுவதில்லை. நடந்ததைச் சொன்னேன். மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எவன் கத்தில துன்னுகினு இருந்தான் அவன்?" என்று கேட்டார்.

"யார் கத்திலயும் இல்லீங்க மாமா" என்றேன்.