ஓமும் வேண்டாமும்

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து கொஞ்ச நாள் ஒரு கொட்டிலில் சுருட்டுச் சுற்றினேன். பிறகு உப்பளத்தில் உப்பு அள்ளினேன். கால் புண்ணானதும் அதையும் விட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேலை தேடி வராது. கொக்குவிலில் வந்து தங்கியிருக்கும் ஒரு டாக்குத்தருக்குப் பெட்டி தூக்க ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு, நானே போய் நின்றேன்.

அவர் எங்கள் பக்கத்து மனிதர்தான். சீமையில் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை பார்த்தவர். பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைந்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். "அவையள் எப்பிடிச் சீவிக்கினம், என்ன செய்யினம், என்ன விளங்குது எண்டு பார்க்கோணும் தம்பி. ஆஸ்பத்திரியிலை இருந்து பார்த்தால் தெரியாது. வீட்டிலைதான் பார்க்கோணும்" என்று முதல் நாளே சொன்னார்.

பெட்டிக்குள் மரக்கட்டைகள், படங்கள், நிறம் பூசிய மணிகள், ஓர் அளவு நாடா. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வலிகாமத்தில் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். எந்தப் படலையில் கேட்டாலும் ஒரே பதில்: "எங்கடை வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை." கலியாணத்துக்குப் பெண் இருக்கிற வீடென்றால் படலையே திறக்காது. ஒரு வீட்டில் பின்னறையிலிருந்து யாரோ கத்துவது வடிவாகக் கேட்டது. ஆடு என்றார்கள். வெளியே வந்ததும் டாக்குத்தர், "ஆடு நல்லாய்க் கதைக்குது" என்றார். சிரித்தாலும் அவர் முகம் சோர்ந்திருந்தது.

அப்போதுதான் சொன்னேன்: "ஐயா, உரும்பிராய்க்கு வாருங்கோ. எங்கடை அண்ணையைப் பாருங்கோ. நாங்கள் ஒளிச்சு வைக்கேல்லை."

எங்கள் வீட்டில் அவர்தான் மூத்தவர். மற்றப் பிள்ளைகள் ஓடும் வயதில்தான் தவழத் தொடங்கினாராம். பேச்சு இன்னும் பிந்தி வந்தது. வந்ததும் வீட்டில் புழங்கும் சில சொற்களோடும் இரண்டொரு சின்ன வசனத்தோடும் நின்றுவிட்டது. தாய் தகப்பன் போன பிறகு அவரை வைத்துப் பார்த்தது அக்காதான். அத்தான் வன்னிக்கு வயல் செய்யப் போய்க் காய்ச்சலோடு திரும்பி வந்து இறந்தவர். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது ஒரு துண்டுத் தோட்டம், ஒரு கிணறு, அண்ணை. நான் ஊரில் இருந்தால் கிணற்றடியில் ஓலைப் பட்டை பிடித்துத் தண்ணீர் அள்ளுவேன். இல்லாத நாட்களில் கூலிக்கு ஒருவர் வருவார். ஆனால் துலாவில், கிணற்றுக்கு மேலே ஏறி இறங்கும் அந்த ஏற்ற மரத்தில், ஏறி மிதிப்பது எந்நாளும் அண்ணைதான்.

நாங்கள் போனபோதும் அவர் மேலேதான் நின்றார். துலாவின் அடிக்கும் நுனிக்குமாக, கை வீசி, தரையில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தார். டாக்குத்தர் பெட்டியைத் திறக்காமல் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. எங்கடை அப்பு மிதிக்கேக்கை பின்னாலை ஏறி நிண்டவர்" என்றாள் அக்கா. "இண்டைக்கு வரைக்கும் விழேல்லை. தம்பிதான் ரண்டு தரம் விழுந்தவன்."

அண்ணை இறங்கி வந்து கட்டைகளோடு உட்கார்ந்தார். சிலவற்றைப் பொருத்தினார், சிலவற்றை வாயில் வைத்துப் பார்த்தார். படங்களில் மாட்டையும் மாம்பழத்தையும் காட்டினார். பிறகு டாக்குத்தர் கேள்விகள் கேட்டார்.

"உமக்கு மழை பிடிக்குமோ?"

"ஓம்."

"மழை பிடிக்காதோ?"

"ஓம்."

"நீர் பொம்பிளையோ?"

"ஓம்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்குத்தர் சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அந்த ஓம் நன்றாகத் தெரியும். மலாயாத் தோட்டத்தில் துரை என்ன கேட்டாலும் நான் "யெஸ் சேர்" என்றவன். விளங்கினாலும் யெஸ் சேர், விளங்காவிட்டாலும் யெஸ் சேர். அப்படிச் சொன்னால் துரை அடுத்த ஆளிடம் போய்விடுவார். அண்ணையிடம் சின்ன வயதிலிருந்தே யாராவது எதையாவது அதட்டித்தான் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்றால் விட்டுவிடுவார்கள் என்பதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இரண்டு மூன்று தரம் வந்து போன பிறகு டாக்குத்தர் ஒரு விஷயம் சொன்னார். கொழும்பில் ஒரு வீட்டில் இப்படிப்பட்டவர்கள் சிலரை வைத்துப் பராமரித்து, கைவேலை பழக்கி, அவர்கள் கற்கும் விதத்தை எழுதி வைக்கிறார்களாம். அண்ணை ஒரு வருஷம் அங்கே வந்து இருந்தால் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவியாக இருக்குமாம். சாப்பாடு, உடுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பக்கத்து வளவில் ஒருவர் இருந்தார், முறைக்கு எங்களுக்கு மாமா. வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், "அனுப்பு பிள்ளை, யோசியாதை" என்றார்.

"அண்ணையை ஒருக்காக் கேக்க வேண்டாமே, மாமா?" என்றாள் அக்கா.

"உவனைக் கேட்டோ? மாட்டைக் கேட்டே வண்டியிலை பூட்டுறது?"

"பிடிக்காட்டில் மாடும் படுத்திடும் மாமா."

"ஓமோம். நீ ஏன் மறிக்கிறாய் எண்டு ஊருக்குத் தெரியும். துலா மிதிக்கிற கூலி மிச்சமெல்லே!"

அக்கா வேலியைவிட்டு விலகி வந்தாள். அண்ணையை விடமாட்டேன் என்றால் வேலைக்காக வைத்திருக்கிறாள் என்பார்கள். விட்டால் தொல்லை தீர்ந்தது என்று தள்ளிவிட்டாள் என்பார்கள். என்னிடம், "தம்பி, நீ ஆம்பிளை, நீ சொல்லு" என்றாள். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இல்லாத நான் என்ன சொல்வது?

டாக்குத்தரே வழி சொன்னார். "நீங்கள் ரண்டு பேரும் சொல்ல வேண்டாம். போறது அவர். அவர் ஓம் எண்டால் கூட்டிக்கொண்டு போறன். ஆனால் வேண்டாம் எண்டு சொல்லத் தெரியாதவர் சொல்லுற ஓமை வைச்சு நான் என்ன செய்யிறது? முதலிலை வேண்டாம் சொல்லப் பழக்குவம்."

அதற்குப் பேதி எண்ணெயை எடுத்தோம். அண்ணைக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் அதுதான். "அண்ணை, குடிக்கிறியளோ?" என்றால் "ஓம்" என்பார். கோப்பை கிட்டே வந்ததும் வாயை இறுக்கி முகத்தைத் திருப்புவார். உடனே நான், "வேண்டாமோ? சரி, வேண்டாம்" என்று சொல்லி அப்பால் கொண்டுபோய் வைப்பேன். மறுபடி அக்கா கொண்டுவருவாள், மறுபடி எடுத்துப் போவோம். டாக்குத்தரும் வரும்போதெல்லாம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு நாள், கோப்பை குசினி வாசலைத் தாண்ட முந்தியே அண்ணை சொன்னார்:

"வேண்டாம்!"

சொன்னதும் கோப்பை திரும்பிப் போனது. அண்ணை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கண்ட எந்த வேடிக்கையும் அந்தச் சிரிப்புக்குக் கிட்ட வராது.

ஆனால் அதற்குப் பிறகு வந்தது பெரும்பாடு. குளிக்க வாருங்கோ என்றால் வேண்டாம். வேட்டி மாற்ற வேண்டாம். பசியோடு உட்கார்ந்துகொண்டு சோறு வேண்டாம். மாமா தன் தோட்டத்துத் துலாவை மிதிக்க வரச்சொல்லி வேலிக்கு அப்பாலிருந்து அதட்டினார். வழக்கமாக அண்ணை ஓடுவார். அன்று, "வேண்டாம்!"

"நல்லாய் இருந்தவனைக் கெடுத்துப் போட்டியள்!" என்று மாமா என்னில் பாய்ந்தார்.

"சொல்லு கேக்கிறான் எண்டு அப்ப சொல்லேல்லையே மாமா, மொக்கன் எண்டுதானே சொன்னியள்" என்றேன்.

டாக்குத்தர் வந்து கொழும்புக்கு வருவீரோ என்று கேட்டார். வேண்டாம் என்றார் அண்ணை. நாங்கள் மகிழ்ந்து முடிவதற்குள் டாக்குத்தர், "மாம்பழம்?" என்றார். அதுவும் வேண்டாம். "இதுவும் முந்தின ஓம் மாதிரித்தான். அவசரப்படாதையுங்கோ" என்றார்.

அக்கா அவசரப்படவில்லை. வேண்டாம் என்ற சோற்றை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அண்ணை அதன் பின்னாலேயே போய் நின்றார். "வேணுமோ?" "ஓம்." அப்போது கொடுத்தாள். இப்படிப் பல நாள். மெல்ல மெல்ல இரண்டு சொல்லும் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மாம்பழம் ஓம், பேதி வேண்டாம். அக்காவின் கறி ஓம், என் கறி வேண்டாம்.

கொழும்பு என்றால் என்னவென்று தெரியாமல் அவர் எதற்குப் பதில் சொல்வது? அதனால் டாக்குத்தர் கொக்குவிலில் தான் இருந்த வீட்டில் அண்ணையைச் சில நாள் தங்கவைத்தார். நானும் கூட இருந்தேன், அக்கா வரவில்லை. கட்டில், மெத்தை, முட்டைப் பொரியல். பின்வளவால் ரெயில் போகும். ஒவ்வொரு ரெயிலுக்கும் அண்ணை எழும்பிக் கைதட்டினார். எனக்குப் பயமாக இருந்தது, இந்த மனிதர் ரெயிலுக்காகவே ஓம் சொல்லிவிடுவார் என்று.

திரும்பி வந்த மறுநாள் டாக்குத்தர் கிணற்றடிக்கு வந்தார். மாமாவும் வேலிக்கு வந்தார். அக்கா மண்வெட்டியைப் பிடித்தபடி வாய்க்கால் கரையில் நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று டாக்குத்தர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"மாம்பழம்?"

"ஓம்."

"பேதி?"

"வேண்டாம்."

"ரெயிலிலை ஏறுவீரோ?"

"ஓம் ஓம்!"

அக்கா மண்வெட்டியில் சாய்ந்தாள்.

"ரெயிலிலை என்னோடை வந்து, கொக்குவிலிலை இருந்த மாதிரி, அக்கா இல்லாமல், கனநாள் இருப்பீரோ?"

அண்ணை உடனே பதில் சொல்லவில்லை. வாழ்நாளிலேயே ஒரு கேள்விக்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்து நான் கண்டதில்லை. வாய்க்காலைப் பார்த்தார், காய்ந்து கிடந்த பாத்திகளைப் பார்த்தார்.

"வேண்டாம்."

டாக்குத்தர் விடவில்லை. "அப்ப இஞ்சை இருக்கிறதும் வேண்டாமோ?"

"விசரோ உமக்கு?" என்று பைத்தியக்காரனைக் கேட்பதுபோல் கேட்டார் அண்ணை. "தண்ணி இறைக்கோணும்."

டாக்குத்தரைத் தோளில் பிடித்து வழியிலிருந்து விலக்கிவிட்டுத் துலாவில் ஏறினார். டாக்குத்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ஓர் ஆளைக் கொழும்புக்குக் கொண்டுபோக முடியாமல் போனதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆராய்ச்சிக்காரரை நான் பிறகு காணவில்லை. "இதைத்தான் முதலிலை எழுதப் போறன்" என்றார்.

அக்கா மண்வெட்டியைத் தூக்கி வாய்க்காலை வெட்டிவிட்டாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, மாமாவுக்கு மட்டுமல்ல, ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் மறிக்கேல்லை. அண்ணை தன்ரை வாயாலை சொன்னவர்!"