யார்க் குறிப்பேட்டில் ஒரு தங்கப்பாண்டி

கொடைக்கானலைத் தாண்டி ஜெயக்கொடி எங்கும் போனதில்லை. ஆனால் இங்கிலாந்தின் வடக்கே, மதில் சூழ்ந்த யார்க் என்னும் பழைய ஊரைப் பற்றி அவளிடம் எதைக் கேட்டாலும் சொல்வாள். டிராம் வண்டி எந்த வருடம் ஓடத் தொடங்கியது, எந்த வருடம் நின்றது, ஆற்று வெள்ளம் எந்தச் சந்து வரைக்கும் ஏறியது, காற்று எப்படி அடித்தால் சாக்லேட் ஆலையின் வாசம் ஊருக்குள் வரும், எல்லாம் அத்துபடி. பதினெட்டு வருடமாகக் குடியிருக்கும் பழங்காநத்தத்தில் பின்தெருவின் பெயர் மட்டும் அவளுக்குச் சட்டென்று வராது.

கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றின் மாடியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து பழைய கையெழுத்துக் காகிதங்களைப் படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே பன்னிரண்டு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதைப் பார்த்து டைப் செய்து திருப்பி அனுப்புவார்கள். தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் ஜெயக்கொடி. நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசச் சொன்னால் ரெண்டாவது வார்த்தை வராது. ஆனால் கோழி கிளறிய மாதிரி எழுத்தாக இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

இந்தக் கண் சின்ன வயதிலேயே வந்தது. செக்கானூரணிக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. தெருவுக்கு வரும் கடிதங்களை அவள்தான் வாசித்துக் காட்டுவாள். வாசிக்கும்போது சும்மா இருக்க மாட்டாள். பட்டாளத்து மருமகன் எழுதிய கடிதத்தில் 'வாசித்துக் காட்டும் பிள்ளைக்கு ரெண்டு முறுக்கு கொடுக்கவும்' என்று ஒரு வரி எங்கிருந்தோ வந்து சேரும். முறுக்கும் வந்து சேரும்.

யார்க் அவளிடம் வந்தது வால்டர் பிளென்கின் என்ற மனிதர் மூலமாக. யார்க் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். பதினாலு வயதில், 1909இல், குறிப்பேடு எழுத ஆரம்பித்தார். 1984 ஜூலையில் அங்கத்துப் பெரிய தேவாலயத்தின் கூரை தீப்பிடித்து எரிந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியதுதான் கடைசிப் பக்கம். மொத்தம் அறுபத்தோரு நோட்டு. அவர் மகள் அப்போதே அதை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடம் கொடுக்க, வெகுகாலம் கழித்துச் சங்கம் கப்பலூருக்கு அனுப்பியது.

வால்டருக்கு வரலாறு எழுதும் எண்ணமெல்லாம் கிடையாது. மீன் விலை, முழங்கால் வலி, பக்கத்து வீட்டுப் பூனை. நடுநடுவே ஒரு நூற்றாண்டு நடந்துபோகும். 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுப் போன மறுநாள் அவர் எழுதியது இவ்வளவுதான்: 'ஸ்டேஷன் கூரை போய்விட்டது. என் கவுன்டரும் இல்லை. எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன்.' அன்றைக்கு ஜெயக்கொடி எழுந்து பக்கத்து சீட் பாண்டீஸ்வரியிடம் அதை வாசித்துக் காட்டினாள். "மழை பேஞ்சா நாம லீவு போடுறோம். மனுசனைப் பாரு" என்றாள்.

இரண்டு வருடத்தில் வால்டர் வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிட்டார். சாப்பிடும்போது அவர் சங்கதிதான். அவள் கணவன் தங்கப்பாண்டி திருமங்கலம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். பொறுமையாகக் கேட்பான். யார்க் மதிலைப் பற்றி அவள் சொன்ன அன்றைக்குத்தான் அவனுக்குச் சுருக்கென்றது.

"ஊரைச் சுத்தி இன்னும் அப்படியே நிக்கிதா?"

"ஆமாங்க. ஜனங்க அது மேல வாக்கிங் போறாக. சுத்தி ரோடு போடணும்னு எழுபதுகள்ல ஒரு பேச்சு வந்திருக்கு. ஊரே கூடித் தடுத்துருச்சாம்."

"நம்ம மதுரைக்கோட்டையை இடிச்சது யாரு? வெள்ளைக்காரக் கலெக்டருதான? எங்க செவத்தத் தரைமட்டம் ஆக்கிப்புட்டு, உங்க செவத்துக்குப் பூச்சு வேலை பாக்குறீகளான்னு அந்த வால்டர்கிட்டக் கேளு."

ஜெயக்கொடி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அந்தக் கேள்வி அவள் மனசில் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம் மேலாளர் ராம்கி அவளைக் கூப்பிட்டான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும், ஒன்றும் எழுதாது.

"அக்கா, 1934 நோட்டுல இம்புட்டு இடத்துல 'படிக்க முடியவில்லை'ன்னு போட்டிருக்கீங்க. கிளையன்ட் என்ன நினைப்பாரு? கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

"தேத்தண்ணி கொட்டியிருக்குப்பா. எழுத்தே இல்ல."

"உங்களால முடியாததா?"

அவள் சீட்டுக்குத் திரும்பினாள். ஆகஸ்ட் மாதப் பக்கம். எட்டு வரி கரைந்து பழுப்பாகக் கிடந்தது. முயற்சிதானே பண்ணச் சொன்னான் என்று விரலைச் சொடுக்கினாள். வால்டரின் நடை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்து நிமிடத்தில் எட்டு வரியும் நிரம்பியது.

'இன்று கவுன்டருக்கு மதுரை என்னும் ஊரிலிருந்து தங்கப்பாண்டி என்று ஒருவர் வந்தார். மதிலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எப்போது இடிக்கப் போகிறீர்கள்? எங்களுடையதை உங்கள் ஆட்கள் தொண்ணூறு வருடம் முன்பே இடித்துவிட்டார்கள்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு மீன். முழங்கால் பரவாயில்லை.'

அனுப்பியும் விட்டாள். மறந்தும் விட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து ராம்கி படியேறி ஓடி வந்தான். யார்க்கிலிருந்து மெயில். சங்கத்தின் செயலாளர் திருமதி பிக்கர்ஸ்கில், எழுபத்தெட்டு வயது அம்மாள், எழுதியிருந்தார். இருபதாம் நூற்றாண்டு யார்க்கைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். அறுபத்தோரு நோட்டில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது தங்கப்பாண்டியின் கேள்விதானாம். நுழைந்ததுமே பெரிய எழுத்தில் அதுதான் இருக்கப் போகிறது. இந்த மனிதரைப் பற்றி மதுரையில் யாருக்காவது தெரியுமா?

"அக்கா! நம்ம ஊருக்காரரு அந்தக் காலத்துலயே அங்க போயிருக்காருக்கா! நான் பேப்பர்க்காரங்கிட்டச் சொல்லிட்டேன்!"

அது தான் எழுதியது என்று ஜெயக்கொடி அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ராம்கியின் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குள் மாலைப் பத்திரிகையில் வந்துவிட்டது: 'வெள்ளையனை அவன் ஊரிலேயே மடக்கிய மதுரைக்காரர்!'

பஞ்சர் கடைக்கு வந்த ஒருவர் அதை வாசித்துக் காட்ட, தங்கப்பாண்டி டியூபைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தான்.

"ஏ புள்ள, நான் எப்ப அங்க போனேன்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, "சரி, ரெண்டு நாள்ல ஊரே மறந்துரும்" என்றான்.

மூன்றாம் நாள் கண்ணுச்சாமி வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. எழுபதைத் தாண்டியவர். வெளுத்த வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. பேப்பரைக் காட்டி வழிகேட்டுக் கேட்டு அந்த மாடிக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

"தங்கப்பாண்டி எங்க பெரியப்பாரு. எங்க அய்யாவோட கூடப் பெறந்த அண்ணன். கப்பலேறிப் போறேன்னு போனவரு, திரும்பலை. பர்மாங்குறாக, மலாயாங்குறாக. எங்க அய்யா சாகுற மட்டும் தேடுனாரு."

பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். கோட்டும் தலைப்பாகையும் போட்ட ஓர் இளைஞர். பின்னால் திரைச்சீலையில் ஒரு கோட்டை.

"இந்தா பாருங்க, மதிலு. யார்க்குலதான் எடுத்திருக்காரு."

ராம்கிக்குப் புல்லரித்தது. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தென்னைமரமும் வரைந்திருந்ததை ஜெயக்கொடி மட்டும் பார்த்தாள்.

"தாயி, அதைப் படிச்சது நீதானாமே. அவரு நல்லா இருந்தாராமா? தெம்பாப் பேசுனாராமா?"

அவளுக்கு அழுகை முட்டியது. இதுவரை விளையாட்டாக இருந்தது இப்போது விளையாட்டாக இல்லை. "தெம்பாத்தான் பேசியிருக்காரு அய்யா" என்று சொல்லிவிட்டு, பாத்ரூம் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் யார்க்கோடு வீடியோ பேச்சு. திரையில் திருமதி பிக்கர்ஸ்கில், பின்னால் புத்தக அலமாரி. ராம்கி கண்ணுச்சாமியின் போட்டோவைத் தூக்கிக் காட்டத் தயாராக இருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெயக்கொடி ஒரு காகிதத்தைப் பிரித்தாள். தங்கப்பாண்டியிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஐந்து வரி இங்கிலீஷ். அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை. எழுதியது நான். கேட்டது என் கணவர், ரெண்டு மாதம் முன்பு, சாப்பிடும்போது. வேறு எங்கும் இப்படிச் செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ராம்கி போட்டோவை மெல்ல இறக்கினான். அந்தப் பக்கம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேறு எங்கும் இல்லை என்று நான் எப்படி நம்புவது?" என்று கேட்டார்.

ஜெயக்கொடி காகிதத்தை மடித்து வைத்தாள்.

சங்கம் வேலையை நிறுத்தி வைத்தது. ராம்கி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினான், பேசாமலே இருந்திருக்கலாம். அவளைக் கூரியர் கம்பெனியின் டெலிவரி சீட்டுகளை டைப் செய்யும் மூலைக்கு மாற்றினான். தெரு, கதவு எண், பின்கோடு. நாலு மாதம். பத்திரிகையில் நாலாம் பக்கத்தில், ஒரு வாஸ்து விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரியில் திருத்தம் வந்தது.

அந்த நாலு மாதமும் யார்க்கில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து, அறுபத்தோரு நோட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக முந்நூறு பக்கம் எடுத்து, அவள் டைப் செய்ததோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார்கள். திருட்டைத் தேடித்தான் பார்த்தார்கள். கிடைத்தது வேறு. 1916இல் ஜெர்மன் ஆகாயக் கப்பல் குண்டு போட்ட நாளைப் பற்றி வால்டர் எழுதிய ஒரு வரியைச் சங்கம் முப்பது வருடம் முன்பே தன் சொந்தப் புத்தகத்தில் அச்சிட்டிருந்தது. அதில் வால்டரின் அத்தை 'பயந்து செத்தாள்' என்று போட்டிருந்தார்கள். ஜெயக்கொடி முன்னால் ஓர் 'm' இருப்பதைக் கண்டு, ended அல்ல, mended, 'பயந்து தைத்தாள்' என்று படித்திருந்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். அத்தை சாகவில்லை. ராத்திரி முழுக்கத் தையல் போட்டிருக்கிறாள். முப்பது வருடமாக அவளைக் கொன்று வைத்திருந்தது சங்கம்தான்.

திருமதி பிக்கர்ஸ்கில் மறுபடி கூப்பிட்டபோது கண்ணாடியைக் கழற்றவில்லை.

"முந்நூறு பக்கத்தில் உங்கள் தவறு ஒன்றுகூட இல்லை. அந்த எட்டு வரியைத் தவிர. அதுவும் வால்டரின் முழங்கால் வரைக்கும் சரியாக இருந்தது, அதுதான் எனக்குக் கோபம்" என்றார். "இனி எங்கள் பழைய புத்தகங்களையும் நீங்கள் ஒருமுறை பார்த்துக் கொடுக்க வேண்டும். படிக்க முடியாத இடத்தில் முடியவில்லை என்றே போடுங்கள்."

"அதைத்தான மேடம் நான் முதல்லயே போட்டேன்" என்று ஜெயக்கொடி தமிழில் சொன்னாள். ராம்கி அதை மொழிபெயர்க்கவில்லை.

தங்கப்பாண்டியின் கேள்வியையும் அவர்கள் விடவில்லை. கண்காட்சியின் கடைசிப் பலகையில், 'மதுரையிலிருந்து, வாகன டயர் பழுதுபார்ப்பவர் தங்கப்பாண்டி கேட்பது' என்று இந்த வருடத் தேதியோடு போட்டுப் படம் அனுப்பினார்கள். அதை அவன் பெரிதாக்கிக் கடையில் காற்றுப் பிடிக்கும் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறான். காற்றுப் பிடிக்க வருகிறவர்கள் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

மீதி இருந்தது கண்ணுச்சாமி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் பைக்கில் அவர் ஊருக்குப் போனார்கள். வீட்டு வாசலில் கடலைச்செடி காய்ந்துகொண்டிருந்தது. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் நிதானமாகக் கேட்டார். இரண்டு சொம்பு மோர் வரவழைத்தார்.

"அப்ப எங்க பெரியப்பாரு எங்கதான் போனாரு? உனக்குத் தெரியுமா தாயி?"

"தெரியாதுங்கய்யா."

"தெரியாதுல்ல? பெறகு அங்க போகலைன்னு நீ எப்படிச் சொல்லுவ?"

அவள் தங்கப்பாண்டியைப் பார்த்தாள். அவன் மோரைப் பார்த்தான்.

"உக்காரு. அந்த ஊருல ஸ்டேஷன்ல எறங்குனா மொதல்ல என்ன தெரியும்?"

ஜெயக்கொடி இதற்கு மேல் ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று வரும் வழியில்தான் சாமி மேல் சத்தியம் பண்ணியிருந்தாள். மோர்ச்சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் எதிரே மதில் நிற்கும் என்றாள். பங்குனி வாக்கில் அதன் சரிவு முழுக்க மஞ்சள் பூ பூத்திருக்கும், பாலத்தைத் தாண்டினால் ஊர், முன்னெல்லாம் அந்த வழியில் டிராம் ஓடியது, பனிக்காலத்தில் மதியம் நாலு மணிக்கே இருட்டிவிடும், மார்கழிக்குக் கம்பளிக்கோட்டு இல்லாமல் முடியாது.

"கோட்டுத்தான் வச்சிருந்தாரே!" என்றார் கண்ணுச்சாமி. அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து நாலு பேர் வந்து கூடியிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் பேசினாள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பெரியப்பாவின் பெயரை மட்டும் அவள் கடைசிவரை எடுக்கவேயில்லை. அந்த வேலையைக் கண்ணுச்சாமி பார்த்துக்கொண்டார்.