கம்ப்யூட்டரில் செத்த கிருமி

செடிகொடிகளில் உள்ள சேர்மங்களைக் கம்ப்யூட்டரில் கிருமியின் புரதத்தோடு பொருத்திப் பார்த்து, எது மருந்தாகும் என்று தேடுவது என் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் பரிதாபப்பட்டால் போதும்.

தெரு வைத்தியர்

கொச்சி மட்டாஞ்சேரியில் குடிவந்த புதிதில், வீட்டுக்காரர் ஹமீதிக்காவிடம் மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன். மறுநாளே தெருவின் சளி, இருமல் எல்லாம் என் வாசலுக்கு வந்தன. வருகிறவர்களிடம், எனக்கு எல்லாமே திரையில்தான் என்று விளக்கி விளக்கி வாய் வலித்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த இக்கா கடைசியில் சொன்னார்:

"நோயாளியையும் பாக்கமாட்டே, கிருமியையும் பாக்கமாட்டே. பின்னே தினம் என்னத்தத்தான் பாக்குறே தம்பி?"

முதலிடம்

என் முதல் பட்டியலில் மேலே நின்றவை எல்லாம் பூதாகரமான சேர்மங்கள். உருவம் பெரிதானால் நாலு இடத்தில் ஒட்டும். ஒட்டினால் மென்பொருள் மார்க்கை அள்ளிக் கொடுக்கும். அது தெரியாமல் பெருமையாக ரீனா சேச்சியிடம் நீட்டினேன். ஆய்வுக்கூடத்தில் நிஜக் கிருமி வளர்ப்பவர், பாலக்காட்டுக்காரர்.

"ஆனைய வாசல்ல நிறுத்தினா நாலு பக்கமும் முட்டத்தான் செய்யும், மோனே. உள்ள கேறுமோ?"

வட்டம்

மாதக் கடைசிக்குள் ஒரு சேர்மமாவது சேச்சியின் தட்டில் வளரும் நிஜக் கிருமியைக் கொல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லியிருந்தார். மனைவியிடம் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

திப்பிலிச் சேர்மம் ஒன்றை நம்பினேன். அது லேசில் கரையாது. கரைப்பானைத் தாராளமாக ஊற்றச் சொன்னேன். மறுநாள் காலை தட்டில், மருந்து தோய்த்த வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துப் பெரிய வட்டம். ஆய்வுக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தேன். வாயில் லட்டோடு சேச்சி இன்னொரு தட்டைக் காட்டினார். அதில் கரைப்பான் மட்டும், அதே வட்டம்.

"கிருமி செத்தது வாஸ்தவம். கொன்னது உன் மருந்தில்ல, அதைக் கரைச்ச வெள்ளம்."

கடைசி வாய்ப்பு

கரைப்பானைக் குறைத்து, கரைந்த கொஞ்சத்தையே வைத்து மறுபடி செய்தோம். இந்த முறை வெறும் கரைப்பான் வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. திப்பிலி வில்லையைச் சுற்றி மெல்லிய கோடாக ஒரு வளையம். தலைவர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னதுதான், ஆனா நிஜம். இன்னும் ஆறு மாசம் இருங்க."

கம்ப்யூட்டரில் நான் கோடிக்கணக்கில் கொன்ற கிருமிகள் சோறு போடவில்லை, தட்டில் கடுகளவு இடத்தில் செத்தவைதான் போடுகின்றன.